அல்சாஸில் சைக்கிள்: காலையில் மலை முகடு, மாலையில் திராட்சைத் தோட்டம்

கேள்வி இதுதான்: "ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டங்கள் நடுவே, வண்டி நெரிசல் இல்லாத சாலைகளில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட ஆசை. பக்கத்தில் மலையும் வேண்டும், ஆனால் ஆல்ப்ஸ் ஏறும் அளவுக்குத் தெம்பு இல்லை. எங்கே போகலாம்?"

அல்சாஸ் போங்கள். பிரான்ஸின் கிழக்கு ஓரம், ரைன் நதிக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நிலம். நான் மூன்று தடவை போய்வந்தேன். மூன்று தடவையும் கொல்மாரில் அறை எடுத்துத் தங்கி, காலையில் கிளம்பி மாலையில் திரும்புவது என்றே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் மூட்டை முடிச்சைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலை ஏற எனக்குப் பிடிக்காது. நீங்கள் கேட்கிற தோட்டமும் மலையும் இங்கே ஒன்றோடு ஒன்று ஒட்டியே இருக்கின்றன. ஆனால் அமைதி தானாகக் கிடைத்துவிடாது. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது, முதல் தடவை நான் இரண்டிலுமே தவறு செய்தேன்.

முதல் தவறு, 'ஒயின் சாலை' என்ற பலகையைப் பார்த்து அதன் பின்னாலேயே போனது. 1953இல் தொடங்கிய சுற்றுலாத் தடம் அது, மார்லென்ஹைமில் ஆரம்பித்து 'தான்' (Thann) என்ற ஊரில் முடிகிறது, சுமார் 170 கிலோமீட்டர். ரிக்வீர், கேசெர்ஸ்பெர்க், எகிஷைம் என்று பெயர் பெற்ற ஊர்களையெல்லாம் கோத்துக்கொண்டுதான் போகிறது, ஆனால் காருக்கும் சுற்றுலாப் பேருந்துக்கும் போட்ட சாலை அது, பகல் முழுக்க உங்கள் தோளை உரசிக்கொண்டு ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதே ஊர்களைத் தோட்டங்களுக்கு உள்ளே புகுந்து இணைக்கும் சைக்கிள் தடம் தனியாக இருக்கிறது. ஏறக்குறைய 130 கிலோமீட்டர், யூரோவெலோ 5 என்ற நெடுந்தூரத் தடத்தின் ஒரு பகுதி. வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தும் சைக்கிள் படமும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் விவசாயிகளின் டிராக்டர் பாதைதான். இரண்டு பக்கமும் கொடி வரிசை, கையை நீட்டினால் இலை தொடும், உங்கள் சங்கிலி ஓடுகிற சத்தம் உங்களுக்கே கேட்கும். தட்டையான பாதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், ஊருக்கு ஊர் ஒரு சின்ன மேடு வரும், நூறு இருநூறு மீட்டர் நீளம்தான் என்றாலும் செங்குத்தாக நிற்கும். மழைக்கு மறுநாள் டிராக்டர் சக்கரம் உதிர்த்த சேறும் கிடக்கும். பந்தயச் சைக்கிளின் ஒல்லி டயரைவிட 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போட்டால் நிம்மதி.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தோட்டங்கள் இங்கே இருப்பதே அதனால்தான். ரைன் சமவெளி, பூமி பிளந்து உள்ளே இறங்கிய நிலம். ஒரு காலத்தில் வோஜும், எதிரே ஜெர்மனியில் தெரிகிற கருங்காட்டு மலையும் சேர்ந்து ஒரே மேடாக இருந்தவை, நடுப்பகுதி அமிழ்ந்து போனதில் இரண்டாகிவிட்டன. அந்தப் பிளவின் விளிம்பில்தான், சுமார் 200 முதல் 400 மீட்டர் உயரத்தில், திராட்சை வளர்கிறது. விளிம்பு நொறுங்கிக் கிடப்பதால் மண்ணும் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஒரு சரிவில் கிரானைட், அடுத்ததில் சுண்ணாம்புக்கல், அதற்கடுத்ததில் மணற்கல். கேசெர்ஸ்பெர்க் பக்கத்தில் ஷ்லோஸ்பெர்க் என்று ஒரு கிரானைட் சரிவு இருக்கிறது, 1975இல் அல்சாஸின் முதல் 'கிராண்ட் குரு', அதாவது உயர்தரத் தோட்டமாக அங்கீகாரம் பெற்றது அதுதான், இன்று அப்படி 51 இருக்கின்றன. மேற்கிலிருந்து வருகிற மேகத்தை மலை அந்தப் பக்கமே பிழிந்து விடுகிறது, நம் மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டு இந்தப் பக்கத்தைக் காய விடுகிறதே, அதே கதை. கொல்மாரில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை வந்தால் அதிகம், பிரான்ஸிலேயே காய்ந்த ஊர்களில் ஒன்று. மேலே முகட்டில் அதைப்போல் மூன்று மடங்கு பெய்யும்.

நமக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. கீழே வெயில் அடிக்கிறதே என்று சட்டை மட்டும் போட்டுக்கொண்டு மேலே போகக் கூடாது. அப்புறம், மலையின் மேற்குச் சரிவு மெதுவாக இறங்கும், கிழக்குச் சரிவு சட்டென்று விழும். நீங்கள் ஏறப்போவது கிழக்கிலிருந்து.

பழக டூர்க்கைமிலிருந்து ட்ரவாசெப்பி போகிற ஏற்றம் நல்லது. சமவெளியிலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம் வரை, பாதி தூரம் தோட்டம், பாதி தூரம் காடு. இன்னொன்று சுல்ஸ்மாட்டிலிருந்து ஃபிர்ஸ்ட்பிளான் கணவாய், 722 மீட்டர். நான் ஏறிய அன்று காலையில் ஒரே ஒரு தபால் வண்டியைத்தான் பார்த்தேன். இந்த இரண்டையும் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டீர்கள் என்றால் ப்தி பலோன் மலைக்குப் போகலாம். வாஸர்பூர் ஊரிலிருந்து 9 கிலோமீட்டருக்கு மேல், சராசரி 8 சதவீத ஏற்றம், கணவாய் 1163 மீட்டரில். ஆல்ப்ஸ் இல்லையே என்று இளப்பமாக எண்ண வேண்டாம், ஆல்ப்ஸில் ஏற்றம் நீளம், இங்கே குட்டை, ஆனால் விடாமல் அழுத்தும். முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் 32 பல்லாவது இருக்கிற கியரும் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் பெண்களின் டூர் டி பிரான்ஸில் செலெஸ்டாவிலிருந்து மார்க்ஸ்டைன் வரை ஒரு நாள் பந்தயம் இந்த வழியாகத்தான் போனது, ப்தி பலோன், பிளாட்ஸர்வாசெல், கிராண் பலோன் மூன்றையும் ஏறி அன்மீக் வான் ஃப்ளூட்டன் தனியாக வந்து வென்றார். அதே சாலையில் நானும் ஏறினேன், அவர் எடுத்த நேரத்தில் பாதி மலைகூடத் தாண்டவில்லை, ஆனால் காடு முடிந்து புல்வெளி திறக்கிற இடத்தில் மாட்டுமணி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு நின்ற பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது தவறு, முகட்டுச் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது. மேலே வடக்கு தெற்காக ஓடும் இந்தச் சாலை முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் போட்டது. 1871இலிருந்து எல்லையே இந்த முகட்டின் மேல்தான் ஓடியது, கிழக்கே அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தது. எதிரியின் கண்ணில் படாமல் போர்முனைக்குப் பொருள் கொண்டுபோக வேண்டும் என்பதால் பெரும்பாலான இடங்களில் முகட்டுக்குச் சற்றுக் கீழே, மேற்குப் பக்கமாகவே சாலை போகிறது. இன்று விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த வளைவுகளில் உறுமுகிறார்கள், ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. அடுத்த தடவை வார நாளில், விடிந்தும் விடியாததுமாக, மன்ஸ்டர் என்ற பள்ளத்தாக்கு ஊரிலிருந்து கிளம்பி 1139 மீட்டர் ஷ்லுக்ட் கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து தெற்கே கிராண் பலோன் வரை போனேன். 1424 மீட்டர், வோஜின் உச்சி. காற்றைத் தவிர யாரும் இல்லை. வானம் தெளிவாக இருந்ததால் தெற்கே ஆல்ப்ஸின் பனி தெரிந்தது. பத்து மணிக்குள் முகட்டை முடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள், தோட்டத்துப் பாதைகளை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு ரிக்வீர்கூட ஒரு சாதாரண ஊராகிவிடும்.

ட்ரவாசெப்பியிலிருந்து இன்னும் மேலே லாங்ஜ் வழியாகப் போனால் வெட்ஸ்டைன் கணவாயில் சாலையோரமாகவே ஒரு ராணுவக் கல்லறை வரும், வரிசை வரிசையாகச் சிலுவைகள். 1915இல் இந்த மலைக்காகச் செத்தவர்கள். இறங்கி நில்லுங்கள். நான் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

சாப்பாட்டுக்கு மலைமேல் 'ஃபெர்ம் ஓபெர்ஜ்' என்று பண்ணை வீடுகள் இருக்கின்றன, மாடு வளர்க்கும் குடும்பமே சமைத்துப் போடும். மன்ஸ்டர் சீஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு, கடைசியில் நீலநெல்லிப் பழ டார்ட். மாமிசம் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், உருளைக்கிழங்கோடு பன்றிக் கொழுப்புத் துண்டும் சேர்ந்தே வேகும். தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. ஊர் நீரூற்றுகளில் நீர் கொட்டிக்கொண்டிருக்கும், ஆனால் குடிக்கத் தகாது என்று பலகை மாட்டியிருப்பார்கள். ஞாயிறு மதியம் கடைகள் சாத்தியிருக்கும், ஒருமுறை ஒரு சொட்டு இல்லாமல் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கும் கிடைக்கவில்லை என்றால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், அங்குள்ள சைக்கிள்காரர்களும் அங்கேதான் பாட்டிலை நிரப்புகிறார்கள்.

ஒயின் ருசி பார்க்க ஆசை இருக்கும், ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்டிராமினர் என்ற வெள்ளை ஒயின்கள் வழியெல்லாம் கிடைக்கும். பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் கார் ஓட்டுபவருக்கும் ஒரே வரம்புதான், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம். நான் பாட்டில் வாங்கி அறைக்கு எடுத்துப்போய்ச் சாயங்காலம் குடிப்பேன்.

கால் ஓய்ந்துவிட்டால் கொல்மார், மன்ஸ்டர், மெட்ஸெரால் என்று பள்ளத்தாக்கு வழியாக ஒரு சின்ன ரயில் ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். மழை வந்த ஒரு நாள் அதுதான் என்னைக் காப்பாற்றியது, மேலே வியர்த்த சட்டையோடு இறக்கத்தில் வந்ததில் விரல் விறைத்து பிரேக்கைப் பிடிக்கவே முடியவில்லை. காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் முழு விரல் கையுறையும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும்.

மாதம் என்றால் மே கடைசியிலிருந்து ஜூன், அல்லது செப்டம்பர். குளிர்காலத்தில் முகட்டுச் சாலையின் சில பகுதிகளைப் பனிக்காக மூடிவிடுவார்கள். செப்டம்பரில் போனால் அறுவடை நடக்கும், தோட்டத்துப் பாதை முழுக்க டிராக்டரும் பழம் ஏற்றிய தொட்டிகளும்தான். வருஷம் முழுக்க உழைத்ததை அவர்கள் எடுக்கும் நேரம் அது, தூரத்தில் டிராக்டர் தெரிந்ததுமே இறங்கி, சைக்கிளைக் கொடி ஓரமாகச் சாய்த்து வழி விடுங்கள். எனக்கு ஒருவர் போகிற போக்கில் ஒரு கொத்துப் பழத்தை நீட்டிவிட்டுப் போனார்.