கல்நெஞ்சு சிமிலியா, மெட்டஃபரா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழில் அணி இலக்கணம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இங்கிலீஷ் மாதிரித் தேர்வில் ‘ஃபிகர் ஆஃப் ஸ்பீச்’ கேள்விகள் இரண்டிலும் மார்க் போய்விட்டது. ‘ஹி ஹாஸ் எ ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’ என்பதற்கும் ‘ஷீ இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹர் மதர்’ என்பதற்கும் சிமிலி என்று எழுதியிருக்கிறாள். இதற்கென்றே தனி வகுப்பு இருக்கிறது, 3,500 ரூபாய் கட்டுங்கள் என்கிறாராம் டியூஷன்காரர். கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள், அம்மா. உங்கள் மகள் செய்த இரண்டு தவறில் ஒன்று அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வந்தது. மற்றொன்று டியூஷன் நோட்டுகளில் சுற்றும் ஒரு வரியால் வந்தது.

முதல் தவறைப் பார்ப்போம். ‘ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’ என்றதும் அவள் மனதுக்குள் ‘கல்நெஞ்சு’ என்று தமிழாக்கியிருப்பாள். கல் போன்ற நெஞ்சு, ‘போன்ற’ மறைந்து நிற்கிறது, ஆகவே உவமைத்தொகை. உவமை என்றால் சிமிலி. தமிழ்த் தேர்வில் இந்த வழி சரியானது. இங்கிலீஷில் மறைந்து நிற்கிற உவம உருபு என்ற கணக்கே கிடையாது. ‘லைக்’, ‘ஆஸ்’ போன்ற ஒப்பீட்டுச் சொல் வெளியே தெரிந்தால்தான் சிமிலி. அது இல்லாமல் ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிட்டால் மெட்டஃபர். நம்மிடம் மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம். சொல்லை முன்பின்னாக மாற்றினால் பெயரும் மாறுகிறது. இங்கிலீஷ்காரர்கள் அந்த நுணுக்கத்துக்குப் போவதில்லை. ஆகவே நம்முடைய உருவகம் முழுவதும், உவமைத்தொகையில் பெரும்பகுதியும் அவர்களுடைய மெட்டஃபருக்குள் போய்விடும். மகளிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள்.

இரண்டாவது தவறுக்கு வருகிறேன். ‘லைக், ஆஸ் வந்தால் சிமிலி, கண்ணை மூடிக்கொண்டு எழுது.’ வாட்ஸ்அப்பில் சுற்றும் நோட்டுகளிலும் பொள்ளாச்சியிலிருந்து வாங்கி வரும் கைடுகளிலும் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போன வரி இது. அப்படி ஓர் ஒப்பீட்டுச் சொல் இல்லாமல் சிமிலி இல்லை என்பது சரி. அது வந்தாலே சிமிலி என்பது தவறு. ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்பதில் லைக் இருக்கிறது. அங்கே எதை எதோடு ஒப்பிட்டார்கள்? ‘ஆஸ் இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேய்ட் அட் ஹோம்’ என்பதில் ஆஸ் என்றால் ‘மழை பெய்ததால்’ என்றுதான் பொருள். கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னால் பிள்ளைகள் இவற்றையும் சிமிலி என்றுதான் எழுதுவார்கள்.

உங்கள் மகள் மாட்டிய இடம் இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. ‘ஆஸ் டால் ஆஸ் ஹர் மதர்’ என்பதில் ஒப்பீடு இருக்கிறதே, ஏன் சிமிலி இல்லை என்று அவள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஒரு டேப்பை எடுத்துவந்து அவளையும் உங்களையும் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். இரண்டு பேரும் ஒரே உயரம் என்றால் வாக்கியம் உண்மை, இல்லையென்றால் பொய். அவ்வளவுதான், வெறும் தகவல். இப்போது ‘ஷீ இஸ் ஆஸ் டால் ஆஸ் எ பாம் ட்ரீ’ என்று மாற்றுங்கள். டேப் வைத்தால் பொய்யாகிவிடும். ஆனால் கேட்டவருக்குப் பொய் சொன்னதாகத் தோன்றாது. நெடுநெடுவென்று வளர்ந்த பெண் கண்ணில் தெரிவாள். இது சிமிலி. அதேபோல ‘ஷீ லுக்ஸ் லைக் ஹர் மதர்’ என்பது முகச்சாயலைப் பற்றிய தகவல். ‘ஷீ லுக்ஸ் லைக் எ டால்’, அதாவது பொம்மை மாதிரி இருக்கிறாள் என்றால் சிமிலி.

சில நோட்டுகளில் ‘மனிதனை மனிதனோடு ஒப்பிட்டால் சிமிலி இல்லை’ என்று ஒரு குறுக்குவழி போட்டிருப்பார்கள். அதையும் நம்ப வேண்டாம். ‘தி லிட்டில் கேர்ள் வாக்ட் லைக் எ க்வீன்’ என்பதில் சிறுமியும் மனுஷி, ராணியும் மனுஷி. இருந்தாலும் அது சிமிலிதான். அவள் ராணி இல்லை; ராணியின் மிடுக்கு மட்டும் அவள் நடையில் வந்து இறங்குகிறது. ஆக, இனம் ஒன்றா வேறா என்று பார்த்தால் போதாது. அளந்து சரிபார்க்கிற தகவலா, கற்பனையில் பொருத்திய ஒப்புமையா என்றுதான் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு அடிப்படைகள் சொல்கிறார். ராணியின் நடை அதில் வினை உவமம் என்று உங்கள் மகளே சொல்லிவிடுவாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரற்றதோ மனிதரல்லாததோ மனிதர் மாதிரி நடந்துகொண்டால் பெர்சோனிஃபிகேஷன்: ‘தி விண்ட் விஸ்பர்ட்’, காற்று காதோடு பேசியது. இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று அச்சடித்திருந்தால் அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள். தற்குறிப்பேற்றம் என்பது இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. காற்றில் அசையும் மதுரைக் கோட்டைக் கொடி ‘வராதே’ என்று கோவலனுக்குக் கைகாட்டுவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறதே, அது. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து வரும், அதனால் ஒன்றாகிவிடாது. மிகைப்படுத்திச் சொல்கிற ஹைபர்பலி நம்முடைய உயர்வு நவிற்சி. அதில் குழப்பமே இல்லை. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ போன்றவை மரபுத்தொடர்கள், அப்படியே மனப்பாடம் செய்வதுதான் வழி.

சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குகிற அல்லிட்டரேஷன் மோனைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். ‘கேட்’ சி எழுத்தில் தொடங்குகிறது, ‘கைட்’ கே எழுத்தில் தொடங்குகிறது, இரண்டும் சேரும். ‘நைஃப்’ கே எழுத்தில் தொடங்கினாலும் அந்தக் கே வாயில் வராது, ஆகவே கைட்டோடு சேராது. ரைம் என்றால் எதுகை என்று எழுதிவைக்கிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. வரிக் கடைசியில் ஒலி ஒன்றுவது இயைபு, ரைமுக்குப் பக்கத்தில் வருவது அதுதான்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ் ஆசிரியர் அணி நடத்துகிறார், இங்கிலீஷ் ஆசிரியர் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் நடத்துகிறார். ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார்கிறார்கள். இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் சேர்ந்து நடத்தியதை நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தமிழ் மீடியம் வகுப்புக்குத் தமிழ் தெரியாத ஆசிரியர் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அவர் உபமா, ரூபகம், உல்பிரேக்ஷ என்று மலையாளத்தில் விளக்குவார். பிள்ளை மூன்று மொழிப் பெயர்களையும் சுமந்துகொண்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் 3,500 ரூபாய் கேட்கிறவர்கள் நுழைகிறார்கள்.

கைடு விஷயத்திலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கைடு அந்தப் பாடத்திட்டத்துக்காகப் போட்டது, அங்கே உள்ள கவிதைகள் வேறு. கேரளத் தேர்வில் அணியின் பெயரைக் கேட்பதோடு, கவிதைக்கு அப்ரிசியேஷன், அதாவது நயம் பாராட்டி எழுதச் சொல்லியும் கேட்கிறார்கள். அதில் வெறும் பெயரை எழுதினால் அரைகுறை மார்க்தான் கிடைக்கும். எது எதோடு ஒப்பிடப்படுகிறது, அதனால் என்ன தெரிகிறது என்று இரண்டு வரி வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். உங்கள் ஊரில் வரப்புக்கு வரப்பு பனைமரம் நிற்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி பாம் ட்ரீஸ் ஸ்டாண்ட் லைக் சோல்ஜர்ஸ்’ என்றால் சிமிலி. ‘தி பாம் ட்ரீஸ் ஆர் சோல்ஜர்ஸ்’ என்றால் மெட்டஃபர். ‘தி பாம் ட்ரீஸ் நாட் தேர் ஹெட்ஸ் அட் அஸ்’, நம்மைப் பார்த்துத் தலையாட்டுகின்றன என்றால் பெர்சோனிஃபிகேஷன். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கீழே காரணத்தை முதலில் தமிழில் எழுதட்டும்: ‘பனைகள் வரிசையாக, நிமிர்ந்து, வயலைக் காப்பது போல் நிற்பதால் சிப்பாய்களோடு ஒப்பிடப்பட்டன.’ பிறகு அதையே இங்கிலீஷில் எழுதட்டும். தினமும் ஒரு பொருள்: இன்று பனை, நாளை கிணறு, மறுநாள் பஸ். பத்து நாள் எழுதிய நோட்டை அவளுடைய பள்ளி இங்கிலீஷ் ஆசிரியரிடமே கொடுத்துத் திருத்தி வாங்கச் சொல்லுங்கள். அது அவருடைய வேலை, அதற்குக் காசு கிடையாது.