நாற்பதுக்கு மேல் ஒருவர் மாற முடியுமா?

"நாற்பதைத் தாண்டிவிட்டால் யாரும் மாறமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ சொல்லிக் காட்டியிருக்கிறார்கள் போல. எனக்கும் சொன்னார்கள்.

பெண்ணின் பருவம் ஏழு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 5 வயதுப் பேதையில் தொடங்கி 40 வயதுப் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெயரே கிடையாது. நான் மாறியது அந்தப் பெயரில்லாத வயதில்தான்.

எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்த என் அத்தை, முப்பத்தைந்து வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழகினார். எனக்கு அப்போது 12. அதற்கு முன்பே குரங்குப் பெடல் போட்டவள் நான். மறு வருஷம் வயதுக்கு வந்தேன். அப்பா சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் தங்கையைத் தடுக்க முடியவில்லை, மகளைத் தடுத்தார். அப்பாவைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஊர் வாய்க்குப் பயந்த மனிதர், அவ்வளவுதான்.

அப்புறம் முப்பது வருஷம் பின் சீட்டுதான். 44 வயதில் ஸ்கூட்டி பழகப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். எல்எல்ஆர் என்கிற பழகுநர் உரிமத் தேர்வுக்குத் திரையில் வந்த கேள்வியே மங்கலாகத் தெரிந்தது. நாற்பதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்குமே, அந்த வெள்ளெழுத்து! படிக்க மட்டும் கண்ணாடி கேட்டவளிடம், என்னென்னவோ சொல்லி தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த கண்ணாடி ஒன்றை 6,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார் ஒரு கடைக்காரர். அதைப் போட்டால் படிக்கட்டு மிதக்கிறது. திருப்பித் தரவும் முடியாதாம். நாற்பது வயதுக்காரர்களை வைத்தே பிழைக்கிறார்கள். சரி, அது வேறு கதை.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடும்போது முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். ஃபெயில். வீட்டில் சொல்லவில்லை. மறுபடி போய்ப் போட்டேன்.

லைசென்ஸ் வந்த மறுநாள் ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை தனியாகப் போய்த் திரும்பினேன். "எங்கே போனே?" என்றார் கணவர். "சும்மா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. ஆளே மாறிவிட்டேனாம்.

முழுக்க மாறிவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்ப இன்னும் கை நடுங்கும். இடது பக்கமாகவே மூன்று தெரு சுற்றித்தான் வீடு வந்து சேர்கிறேன்.