சுமத்ரா மட்டும்தானா குற்றவாளி?

கேள்வி: பொங்கலுக்குக் கோலாலம்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, காலையில் வெளியே இறங்கினாலே மூச்சு முட்டியது. எல்லாம் சுமத்ராவிலிருந்து வரும் புகை என்கிறான் மகன். எங்கள் தோட்டப் பக்கம் காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது. அண்டை நாட்டுக்காரன் தீ வைப்பதை நிறுத்தினால் நகரம் சரியாகிவிடும் அல்லவா?
(ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, பெஸ்தாரி ஜெயா)

பதில்: ஆகாது, ஐயா. நீங்கள் அங்கே போயிருந்த மாதமே உங்கள் மகனின் விளக்கத்துக்கு எதிர்சாட்சி. இந்தோனேசியத் தீவான சுமத்ராவின் சதுப்பு நிலத் தீயின் புகையை நம் பக்கம் கொண்டுவருவது, ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. பொங்கல் சமயத்தில் காற்று தென்சீனக் கடல் பக்கமிருந்து வீசுகிறது. ஆகவே ஜனவரியில் உங்கள் மூச்சை முட்டச் செய்தது உள்ளூர்ச் சரக்கு.

புகைமூட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்ட இடங்களில் போர்ட் கிள்ளானோடு உங்கள் கோல சிலாங்கூரும் ஒன்று. 2013 ஜூனில் மூவாரில் அது 746ஐத் தொட்டது. எல்லை தாண்டும் புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இந்தோனேசியா ஏற்று உறுதிப்படுத்தியது 2014இல்தான். ஆனால் சுமத்ராவின் செம்பனைத் தோட்டங்களில் மலேசிய முதலீடும் உண்டு என்பதால், 'அண்டை நாட்டுக்காரன்' என்று ஒரே வார்த்தையில் கைகழுவிவிட முடியாது.

கோலாலம்பூரும் அதன் சுற்றுநகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் அன்றாட அழுக்குக்கு முதல் காரணம் வாகனங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு நின்று பாருங்கள்: நகராத கார் வரிசைகள், இடையில் புகுந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள், மேட்டில் திணறிக் கரும்புகை தள்ளும் டீசல் லாரிகள். கண்ணுக்குத் தெரியும் அந்தப் புகையைவிடத் தெரியாததே பொல்லாதது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள் தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அதனால் அது நுரையீரலின் ஆழம்வரை இறங்கிவிடுகிறது. எஞ்சின்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளோ நண்பகல் வெயிலில் பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்களோடு சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால், காற்று அசையாத இரவுகளில் வாகனப் புகையும் நுண்துகளும் பள்ளத்தாக்கிலேயே தேங்கி, நீங்கள் கதவைத் திறக்கும் விடியற்காலையில் காத்திருக்கின்றன. 2020 மார்ச் 18இல் கொரோனா பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வாகனங்கள் வீட்டில் முடங்கியதும், நகரின் நைட்ரஜன் டையாக்சைடு சட்டென்று இறங்கியது. அந்த ஆணை சுமத்ராவுக்குப் போடப்பட்டதல்ல.

காலப்போக்கில் நிலைமை தேறியிருக்கிறதா என்றால், ஒரு வண்டியின் கணக்கில் தேறியிருக்கிறது. யூரோ 2எம் என்ற பழைய எரிபொருள் தரத்து டீசலில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், 2021இல் கட்டாயமான யூரோ 5 டீசலில் 10 பிபிஎம்மாகக் குறைக்கப்பட்டது. ஆனால் பதிவான வாகனங்கள் நாடு முழுவதும் மூன்று கோடியைத் தாண்டிவிட்டன. எரிபொருளில் மிச்சம் பிடித்ததை எண்ணிக்கை விழுங்கிவிடுகிறது. பழைய குறியீட்டு எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட்டு மகிழ்பவர்கள், நுண்துகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டதே 2018இல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நுண்துகளுக்கு ஒரு நாள் சராசரியாக நம் நாட்டுத் தரம் அனுமதிப்பது ஒரு கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021 முதல் பரிந்துரைப்பது 15 மட்டுமே.

இனி உங்கள் 'சுத்தமான' தோட்டக் காற்றுக்கு வருவோம். மறுநடவின்போது பழைய செம்பனை மரங்களைக் கொளுத்தாமல் துண்டுதுண்டாக வெட்டி மண்ணிலேயே மக்கவிடும் முறைக்குப் பெரிய தோட்டங்கள் மாறியது பாராட்டத்தக்கது. ஆனால் செம்பனை ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருள் பழத்தின் நாரும் ஓடும்தான். நார் ஈரமாக இருந்தாலோ, அடுப்பைப் புதிதாக மூட்டினாலோ, கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கரித்தூள் படிவதைத் தோட்டத்துப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். இது போதாதென்று, குப்பை லாரி வந்து போகும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில்கூட, சாயங்காலமானால் காய்ந்த இலையோடு பிளாஸ்டிக் பையையும் குழந்தையின் டயப்பரையும் சேர்த்து வீட்டுப் பின்புறத்தில் கொளுத்துகிறோம். கேட்டால் கொசு விரட்டுவதாகச் சொல்கிறோம். கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவில், சதுப்பு நிலத்தில் பயிரிடுவோர் வைத்த தீயால் சுற்றுவட்டாரமே பலமுறை அவதிப்பட்டது. அதற்குக் கடல் கடந்து யாரும் வரவில்லை.

உங்கள் பகுதியின் குறியீடு 60 என்று கைப்பேசி காட்டினால், அது 'மிதமானது' என்ற வகை, 'நல்லது' அல்ல. அதுவும் கண்காணிப்பு நிலையம் இருக்கும் இடத்தின் கணக்கு. உங்கள் வேலியோரம் புகையும் குவியல் அதில் வராது.