சிங்கப்பூர்ல எலக்ட்ரீசியன், பிளம்பர் மாதிரி வேலைக்குப் பொண்ணுங்க நிறைய வரணும்னா என்ன மாறணும்?

ஒம்போது வருஷமா வயரிங் வேலை பாக்குறேன். ஐடிஇ-ல, அதாவது தொழில்நுட்பக் கல்விக் கழகத்துல, எலக்ட்ரிக்கல் படிச்சப்ப கிளாஸ்ல பொண்ணுங்க நாலு பேரு, இப்ப சைட்ல நிக்கிறது நான் ஒருத்திதான். இந்தக் கேள்விக்கு எல்லாரும் பொண்ணுங்களுக்கு ஆர்வம் வர வைக்கணும்னு எழுதுறாங்க, ஆனா எங்க நாலு பேருக்கும் ஆர்வம் நிறையவே இருந்துச்சு, வேலை கத்துக்கத்தான் விடல.

முதல் கம்பெனில யாரும் என்னைத் திட்டல, தப்பா பேசல. பாதி பேரு புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை பக்கத்து அண்ணனுங்க, பாப்பா பாப்பான்னு அவ்ளோ பாசம். ஆனா ஏணில கால் வெச்சா "நீ இறங்குமா, விழுந்துடப் போற"ம்பாங்க, வீட்டுக்குள்ள கரண்ட்ட பிரிச்சு விடுற டிபி பாக்ஸத் திறந்தா "நீ டார்ச் மட்டும் பிடி"ம்பாங்க, பாஸ் வேற உனக்கு இங்கிலீஷ் நல்லா வருதேன்னு ஆபீஸ்ல கொட்டேஷன் அடிக்க உக்கார வெச்சுட்டாரு. என்கூட சேர்ந்த பையன் ஒரே வருஷத்துல தனியா ஒரு வீடு முழுக்க வயர் இழுத்து முடிச்சான். எனக்கு ஒரு சுவிட்ச் கூட தனியா மாட்டத் தரல. எல்லாம் நல்ல மனசோட செஞ்சதுங்கறதால எதிர்த்துப் பேசவும் வாய் வரல, அதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இங்க எரிசக்திச் சந்தை ஆணையம்தான் லைசென்ஸ் தருது, எலக்ட்ரீசியன் லைசென்ஸ் இருந்தா 45 கேவிஏ (கரண்ட் லோடோட அளவு) வரைக்கும், டெக்னீஷியன்னா 150 கேவிஏ வரைக்கும் பாக்கலாம். அதுக்கு சர்டிபிகேட்டோட வேலை அனுபவமும் காட்டணும். டார்ச் பிடிச்சு நின்ன நாளெல்லாம் எனக்கு வீண்.

ரெண்டாவது கம்பெனில ஒரு சீன அங்கிள் சூப்பர்வைசர். மெயின ஆஃப் பண்ணு, பூட்டு போடு, டேக் மாட்டு, கரண்ட் இல்லன்னு டெஸ்டர் வெச்சு நீயே பாருன்னு சொல்லிட்டுப் பின்னாடி நிப்பாரு. தப்பா முறுக்கினா கழட்டித் திரும்பப் போடச் சொல்வாரு, என் கையிலேர்ந்து ஸ்க்ரூடிரைவர மட்டும் ஒரு தடவை கூட வாங்கினதில்ல. நான் கத்துக்கிட்டது எல்லாம் அவருகிட்டதான்.

டாய்லெட் பத்தியும் சொல்லியே ஆகணும். தாழ்ப்பாள் இல்லாத டாய்லெட் ஒண்ணு, சைட்ல அத்தன பேருக்கும் அதான். தண்ணி குடிக்காம இருந்து எனக்கு ரெண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துச்சு. ஒரு தாழ்ப்பாள் எவ்ளோ வெள்ளி ஆகிடும்?

இப்ப என் டீம்ல ஒரு தம்பி இருக்காரு, திருநம்பி. காண்டோ (தனியார் அடுக்குமாடி) வேலைக்குப் போனா செக்யூரிட்டி போஸ்ட்ல ஐசி-ல, அதாவது அடையாள அட்டைல, இருக்கிற பழைய பேர எல்லார் முன்னாடியும் சத்தமா படிப்பாங்க, அன்னிக்கு முழுக்க அவரு யார்கிட்டயும் பேச மாட்டாரு. அதனால நான் முன்னாடியே போய் எல்லாருக்கும் சேர்த்து உள்ள போற பாஸ் வாங்கிட்டு வந்துடுறேன். 2025 ஜனவரில நிறைவேறின வேலையிட நியாயச் சட்டத்துல பாலினம், கல்யாணம், கர்ப்பம் எல்லாம் இருக்கு, பாலின அடையாளம் இல்ல. 25 பேருக்குக் கம்மியா இருக்கிற கம்பெனிக்கு முதல் 5 வருஷம் விலக்கு வேற. நான் வேலை பாத்த சப்கான் (பெரிய கம்பெனிகிட்ட வேலை எடுத்துச் செய்ற துணை ஒப்பந்தக் கம்பெனி) எல்லாமே அதவிடச் சின்னது, அப்ப எங்கள யாரு காப்பாத்துவா? இது மாறியே ஆகணும்.

பொண்ணு வந்தா கஸ்டமர் நம்ப மாட்டாங்கன்னு சொல்ற பாஸுங்களுக்கு ஒண்ணு. 2023 ஜூலைல எல்லா வீட்லயும் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே தானா ஆஃப் பண்ற கருவி) இருக்கணும்னு விதி வந்து 2 வருஷம் டைம் குடுத்தாங்கல்ல, அப்ப 1985-க்கு முந்தின பழைய எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடா ஏறி இறங்கினேன். குவீன்ஸ்டவுன்ல தனியா இருக்கிற பாட்டி ஒருத்தங்க கேட்டத் திறக்கவே யோசிச்சவங்க, என்னப் பாத்ததும் "நீயாம்மா வேலை செய்யப் போற, வா வா"ன்னு சிரிச்சாங்க. இப்ப அந்த பிளாக்ல நாலு வீட்டுக்காரங்க எனக்குத்தான் போன் போடுறாங்க.

வேலை கேட்டுப் போற தங்கச்சிங்க இன்டர்வியூலயே கேட்டுடுங்க: முதல் ஆறு மாசத்துல என் கையால எத்தன வீடு வயர் இழுப்பேன், யாரு கத்துத் தருவாங்க, சைட் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்கா. சம்பளம் நூறு இருநூறு வெள்ளி கம்மியா இருந்தாலும் இதுக்கு நேரா பதில் சொல்ற இடத்துக்குப் போங்க, நான் ரெண்டாவது கம்பெனிக்கு அப்படித்தான் போனேன்.