மக்கன்பேடாவும் பத்து நிமிடமும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ஆற்காட்டில் வாங்கிய மக்கன்பேடா ஒன்றைத் தட்டில் வைத்து, பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னேன். அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் தின்றுவிட்டான். பொறுமையில்லாத பிள்ளை படிப்பில் தேற மாட்டான் என்கிறார்களே? நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். வேலூர் கோட்டைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னதைக்கூட ஓ.டி.யால் இரண்டு ஞாயிறு தள்ளிவிட்டேன். மாலையில் கம்பெனி பஸ் வரும்வரை பால்கூடக் குடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.
— ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி, ஒரு பேடாவை உடனே தின்றதை வைத்து உங்கள் மகனின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. நீங்கள் பார்த்த சோதனை உண்மையில் நடந்ததுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் 1960களின் இறுதியில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் அதைத் தொடங்கினார். நெடுநேரம் காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 1990இல் வெளிவந்த முடிவுதான் இன்றுவரை ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆனால் அது மிகச் சில பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு. 2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் பிள்ளையின் தொடக்ககால அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்ததும், எஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோனது. இதைச் சொல்லாமல் விடும் வீடியோக்களால் எத்தனை தாய்மார் தூக்கம் கெட்டிருப்பார்களோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் அறிய வேண்டிய ஆய்வு வேறொன்று. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013இல் வெளியிட்டது. 3 முதல் 5 வயதுள்ள 28 பிள்ளைகளிடம் தேய்ந்த கிரேயான்களைக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்லதாகக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மறுபாதிப் பேரிடம், இல்லையாம் என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்டிக்கரிலும் அப்படியே செய்துவிட்டுத்தான் மிட்டாயை வைத்து, 15 நிமிடம் தொடாமல் இருந்தால் இன்னொன்று என்றார்கள். சொன்ன சொல் பலித்ததைக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள். முழுதாக 15 நிமிடம் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 14இல் 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர். இரண்டே ஏமாற்றங்களில் இவ்வளவு வேறுபாடு வருகிறதென்றால், கையில் இருப்பதை முதலில் தின்றுவிடும் பிள்ளையைப் பொறுமையற்றவன் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை; ஓ.டி. உங்கள் கையில் இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் நீங்களே இன்னொரு முறை படியுங்கள். பேடாவுக்காகப் பத்து நிமிடம் பொறுக்காத அதே பிள்ளை, பாலைத் தள்ளிவைத்துவிட்டுத் திண்ணையில் நாள்தோறும் உங்களுக்காகக் காத்திருக்கிறான். ஏனென்றால் அந்த பஸ் வந்தே தீரும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆகவே வாக்குறுதிகளைச் சிறிதாக்குங்கள். சாப்பிட்டதும் ஒரு கதை என்று சொன்னால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த வாரத்து ஓ.டி. விவரம் உறுதியாகத் தெரியும்வரை கோட்டையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். சொன்னபின் தட்டிப்போனால், அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லி, வேறு நாளைக் குறித்து, அந்த நாளைக் காப்பாற்றுங்கள். பண்டத்தைக் கண்ணில் படாமல் மூடிவைத்தால் பிள்ளைகள் கூடுதல் நேரம் பொறுக்கிறார்கள் என்பதும் மிஷல் கண்டறிந்ததே. இனி இனிப்பை டப்பாவில் போட்டு மேலே வையுங்கள். அந்தச் சோதனையை மட்டும் மறுபடி வைக்க வேண்டாம்.