ட்யூப் ஓடாத நாள்: கடிதமும் பதிலும்

அக்கா,

நான் ஈஸ்ட் ஹாம்ல ரூம் எடுத்து படிக்கிறேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. கிறிஸ்துமஸ் அன்னிக்கு லண்டன்ல ட்யூப்னு சொல்ற அண்டர்கிரவுண்ட் ரயில், பஸ், ட்ரெயின் ஒண்ணுமே ஓடாதுன்னு இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. கூட இருக்கிறவங்க எல்லாம் சொந்தக்காரங்க வீட்டுக்கு போறாங்க. நீங்க ஒரு வருஷம் அன்னிக்கு டிரஃபால்கர் ஸ்கொயர் வரைக்கும் நடந்தே போனதா எழுதியிருந்தீங்க. தனியா போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாராளமா போம்மா. பாளையங்கோட்டைல வளர்ந்தவளுக்கு பண்டிகை அன்னிக்கு தெரு காலியா கிடக்கிறதை பார்த்தா முதல்ல நெஞ்சு அடைக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ரூம்ல உட்கார முடியாமதான் காத்தாட இறங்கினேன், எங்க போறேன்னே தெரியாது, பார்க்கிங் (Barking) ரோட்டை பிடிச்சு மேற்கால நடந்தேன். ப்ளெய்ஸ்டோ, கேனிங் டவுன் தாண்டினதும் ஈஸ்ட் இந்தியா டாக் ரோடு. பஸ்ல போறப்ப எத்தனையோ தடவை படிச்ச பேருதான், ஆனா அன்னிக்கு நின்னு பார்த்தப்பதான் உறைச்சுது. கிழக்கிந்திய கம்பெனி கப்பலுக்காக 1806ல திறந்த டாக், அதாவது கப்பல்துறை அது, தேயிலையும் பட்டும் மசாலாவும் வந்து இறங்கின இடம், அதுக்கடுத்து வர்ற கமர்ஷியல் ரோடே அந்த சரக்கை குதிரை வண்டில சிட்டிக்கு, அதாவது லண்டனோட பழைய வியாபார மையத்துக்கு, கொண்டுபோக போட்ட ரோடு. சரக்கு போன வழிலயே ரெண்டு மணி நேரம் நடந்திருக்கேன்னு நினைச்சப்ப இந்த ஊரு எனக்கு அந்நியமா தெரியல.

கமர்ஷியல் ரோட்டுல ஒரு வங்காளி கடை திறந்திருந்துச்சு, அங்க குடிச்ச டீ இன்னும் நாக்குல இருக்கு. ஆல்ட்கேட் தாண்டினா ஆளே இல்ல. செயின்ட் பால்ஸ் தேவாலயத்து படில ஆராதனை முடிஞ்சு இறங்கினவங்க, மத்த நாள்ல முகத்தையே பார்க்காத ஜனங்க, நின்னு ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லிட்டு போனாங்க.

அப்புறம் ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்ட், கடைசில டிரஃபால்கர் ஸ்கொயர் கிறிஸ்துமஸ் மரம். ரெண்டாம் உலகப் போர்ல நார்வே ராஜாவுக்கு லண்டன் அடைக்கலம் குடுத்துச்சு, பிரிட்டன் அவங்க பக்கம் நின்னுச்சு, அந்த நன்றிக்கு 1947லேர்ந்து வருஷா வருஷம் ஓஸ்லோ நகரம் காட்டுலேர்ந்து வெட்டி அனுப்புற மரம் அது. லைட்டை சுத்திச் சுத்தி கட்டாம மேலேர்ந்து கீழ நேரா தொங்க விட்டிருப்பாங்க, அது அவங்க ஊர் வழக்கம். மரம் ஒல்லியா இருக்குன்னு குறை சொல்றவங்க உண்டு, எனக்கு அதுதான் அழகு. அடில நின்னவங்கள்ல பாதிப் பேரு நம்மள மாதிரி வீட்டை விட்டு வந்தவங்க.

8 மைலுக்கு மேல இருக்கும், 11 மணிக்கு கிளம்பினவ போய்ச்சேர மூணரை ஆச்சு. நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதனால நீ சீக்கிரமே இறங்கிடு. பழகின ஷூ போடு, சாப்பாடு கட்டிக்கோ, வழில பாத்ரூம் கிடைக்கிறது கஷ்டம். திரும்பி வர டாக்ஸி காசு கைல இருக்கட்டும், அன்னிக்கு ரேட் ஜாஸ்தி.

மரத்துகிட்ட போனதும் வீட்டுக்கு வீடியோ கால் போடு. அங்க ராத்திரி ஒம்பது மணி போல இருக்கும், அம்மா முழிச்சுதான் இருப்பாங்க.

அன்புடன்,
அக்கா