தொடுபுழா தியானமும் தாய்லாந்து குத்துச்சண்டையும்

கேள்வி: உலகமயமாக்கல் வந்தபிறகு எந்த நாட்டுப் படத்தையும் எந்த நாட்டிலும் எடுக்கிறார்கள். இப்படியே போனால் எல்லா ஊர்ப் பண்பாடும் கரைந்து ஒன்றாகிவிடாதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கரைவதென்றால் ‘த்ருஷ்யம்’ எப்போதோ கரைந்திருக்க வேண்டும். 2013-இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த படம். கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி எல்லாம் சுற்றிவிட்டு 2017-இல் சிங்களத்துக்கும் 2019-இல் சீனத்துக்கும் போனது. ஹாலிவுட் தயவே இல்லாமல் இடுக்கி மலையிலிருந்து கிளம்பிய கதை.

நாலாங்கிளாஸைத் தாண்டாத கேபிள் டி.வி.க்காரர், கொலை வழக்கிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்ற, “அன்றைக்கு நாங்கள் ஊரிலேயே இல்லை” என்று எல்லோரையும் நம்பவைக்கிறார். எங்கே போனார்களாம்? மலையாளப் படத்தின் நாயகன், ராஜாக்காட்டு ஜார்ஜ்குட்டி, தொடுபுழாவில் தியானத்துக்கு (கிறிஸ்தவர்களின் ஜெபக்கூட்டம்) போனதாகச் சொல்கிறார். கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பம் அப்படிப் போவதில் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தியில் கதை கோவாவுக்கு மாறியதும் தியானம் சாமியார் சத்சங்கம் ஆனது, கூடவே பாவ்பாஜியும் சேர்ந்தது. சீனப் படத்தில், தாய்லாந்தில் குடியேறிய சீனக் குடும்பம் குத்துச்சண்டை பார்க்கப் போகிறது. எந்த ஊர்க்காரன் எந்தப் பொய்யை நம்புவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்! தமிழில் ‘பாபநாசம்’ என்று எடுத்தபோது கமல் திருநெல்வேலிப் பேச்சு பேசினார். (அந்தப் பாபநாசம் உங்கள் பக்கத்து ஊர் அல்ல, தாமிரபரணிக் கரையில் இருப்பது.)

ஆனால் நீங்கள் கவலைப்பட வேறொரு இடம் இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மலையாளத்தில் கதாநாயகன் தப்பிவிடுகிறார். சீனத்தில் தானே போய்ச் சரணடைகிறார். சீனருக்கு மனசாட்சி அதிகம் என்று யாராவது இதற்கு விளக்கம் சொன்னால் நான் சிரித்துவிடுவேன். குற்றம் செய்தவன் தண்டனையில்லாமல் வீடு திரும்பும் படம் அங்கே தணிக்கையில் தேறுவது கஷ்டம். சீனர்களை வைத்துச் சீனர்களுக்காக எடுத்த கதை தாய்லாந்தில் நடப்பதும் சும்மா இல்லை என்றே நினைக்கிறேன். அடாவடிப் போலீஸைக் காட்ட அடுத்த நாடுதானே தோது?

குத்துச்சண்டையைச் சேர்த்தது டிக்கெட் வாங்குகிறவனுக்காக. சரணடைய வைத்தது சான்றிதழ் கொடுக்கிற அதிகாரிக்காக. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ‘உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ற மாற்றம்’ என்று விமர்சகர்கள் பாராட்டும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.